நூக்ளியோ போர்டு: நேற்று ஓடியது, இன்று டிபக்கர் இணையவே இல்லை

கேள்வி:
வணக்கம். என்னிடம் இருப்பது எஸ்டிஎம்32 நூக்ளியோ எஃப்446ஆர்ஈ என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டு. ஐடிஇ எதுவும் வேண்டாம், உபுண்டுவில் ஏஆர்எம் ஜிசிசி கம்பைலர், பில்டு செய்யும் மேக், சிப்பில் புரோகிராமை ஏற்றி டிபக் செய்யும் ஓப்பன்ஓசிடி இவற்றை வைத்தே வேலை பார்க்கலாம் என்று இறங்கினேன். ஓப்பன்ஓசிடியை சோர்ஸிலிருந்து நானே பில்டு செய்தேன். சும்மா ஓட்டினால் ஆக்சஸ் எரர், சூடோ (ரூட் அனுமதி) போட்டால் ஓடுகிறது, அதனால் எல்லாவற்றையும் சூடோவிலேயே செய்துவந்தேன். எல்இடி சிமிட்டும் புரோகிராம் நேற்று நன்றாக ஓடியது. அப்புறம் மின்சாரம் மிச்சமாகட்டும் என்று ஏ போர்ட்டின் எல்லாப் பின்களையும் அனலாகுக்கு மாற்றிவிட்டு, எல்இடி பின்னை மட்டும் அவுட்புட் ஆக்கினேன். ஏற்றியதும் எல்இடி சிமிட்டியது. அதிலிருந்து எதை ஏற்றப் போனாலும் டார்கெட்டுடன் இணைய முடியவில்லை என்கிறது. எல்எஸ்யுஎஸ்பி கமாண்டில், போர்டிலேயே உள்ள டிபக்கரான எஸ்டி-லிங்க் தெரிகிறது, கேபிளும் மாற்றிப் பார்த்தாயிற்று. சிப் போய்விட்டதா?

பதில் 1:
சிப்பைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும், முதலில் அந்த சூடோவை விடுங்கள். மேக்கையும் சூடோவில் ஓட்டினால் பில்டு ஃபோல்டரில் உள்ள ஃபைல்கள் எல்லாம் ரூட் பெயரில் போய்விடும், நாளைக்கு மேக் கிளீன் கூட நடக்காது. சூடோ இல்லாமலே யுஎஸ்பி அனுமதி தரும் யுடெவ் ரூல், ஓப்பன்ஓசிடியை ஏபிடி வழியாக நிறுவினால் தானே வந்துவிடும். சோர்ஸிலிருந்து பில்டு செய்தவர்கள் கான்ட்ரிப் ஃபோல்டரில் 60 என்று தொடங்கும் ரூல்ஸ் ஃபைலை யுடெவ் ரூல்ஸ் ஃபோல்டருக்குக் காப்பி செய்து, ரூல்களை ரீலோடு செய்து, போர்டைக் கழற்றி மறுபடி செருக வேண்டும்.

பதில் 2:
சிப் போகவில்லை, பயப்படாதீர்கள். டிபக்கர் பேசுவது பிஏ13, பிஏ14 என்ற இரண்டு பின்கள் வழியாகத்தான், அவை இருப்பதும் அதே ஏ போர்ட்டில். எல்லாவற்றையும் அனலாகுக்கு மாற்றும்போது அந்த இரண்டும் சேர்ந்து போய்விட்டன. போர்டுக்கு மின்சாரம் வந்த சில நொடிகூட ஆகாமல் உங்கள் புரோகிராமே கதவை அடைத்துவிடுகிறது.

உங்கள் புரோகிராம் ஓடாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஓப்பன்ஓசிடியின் ரீசெட் கான்ஃபிகில் 'கனெக்ட் அசெர்ட் எஸ்ஆர்எஸ்டி' சேர்த்தால், ரீசெட்டை அழுத்திப் பிடித்தபடியே இணையும். அது சரிவரவில்லை என்றால் போர்டில் உள்ள சிஎன்7 கனெக்டரில் 5, 7 ஆகிய இரண்டு பின்களையும் ஒரு ஜம்பரால் இணைத்துவிட்டு ரீசெட் பட்டனை அழுத்துங்கள். எங்கிருந்து தொடங்குவது என்று சிப்புக்குச் சொல்லும் பூட்0 பின் ஹை ஆவதால் சிப் தன்னுடைய பூட்லோடருக்குள் போகும், உங்கள் கோடு ஓடாது. பழைய புரோகிராமை அழித்துவிட்டு ஜம்பரைக் கழற்ற மறக்காதீர்கள்.

கேட்டவர்:
ரீசெட் வழி எனக்கு நடக்கவில்லை, அந்த வரியைத் தவறான இடத்தில் போட்டேனோ என்னவோ. ஜம்பர் போட்டதும் முதல் முயற்சியிலேயே இணைந்துவிட்டது! யுடெவ் ரூலும் போட்டாயிற்று, சூடோ இல்லாமலே ஓடுகிறது. மிக்க நன்றி. இனி, பின்கள் இன்புட்டா அவுட்புட்டா அனலாகா என்று தீர்மானிக்கும் மோடர் ரெஜிஸ்டரில் எப்படி எழுதுவது?

பதில் 2:
முழு ரெஜிஸ்டரிலும் ஒரே மதிப்பை எழுதாதீர்கள். ஒரு பின்னுக்கு 2 பிட், ஆக எல்இடி இருக்கும் பிஏ5க்கு 10, 11 ஆம் பிட்கள். அவற்றை மட்டும் அழித்துவிட்டு எழுதுங்கள். மற்ற பின்களை அனலாக் ஆக்கும்போது பிஏ13, பிஏ14க்கு உரிய 26 முதல் 29 வரையுள்ள பிட்களைத் தொடவே தொடாதீர்கள். டிபக் செய்யும் காலம் முழுவதும் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் வேலையைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள், நான் எந்த போர்டை எடுத்தாலும் அப்படித்தான் செய்கிறேன். அப்புறம் ஜிடிபி மல்டிஆர்க் என்ற டிபக் புரோகிராமை நிறுவி, ஓப்பன்ஓசிடி திறந்து வைக்கும் 3333 என்ற நெட்வொர்க் போர்ட்டில் இணைத்துப் பாருங்கள், ரெஜிஸ்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று அங்கேயே கண்ணால் பார்க்கலாம்.