‘டோர்ச்’ என்பதற்குச் சுடர்க்குழல்: சைக்கிள் சட்டகப் பட்டறைக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் இளைஞர்களுக்குச் சைக்கிள் சட்டகம் கட்டும் வேலையைக் கற்பிக்க நான் எழுதிவரும் கைந்நூலில், எரிவாயுவையும் ஒட்சிசனையும் கலந்து எரித்து உலோகத்தைச் சூடாக்கும் ‘டோர்ச்’ என்ற கருவியை எவ்வாறு குறிப்பது என்று கேட்டிருந்தேன். ஊதுகுழல், தீச்சூள், பற்றவைப்பான், சுடர்முனை என்று நான்கு சொற்கள் வந்தன. அவற்றைப் பட்டறையில் சில நாட்கள் சொல்லிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

பற்றவைப்பான் என்ற சொல் முதல் நாளே தோற்றது. “பற்றவைப்பானை எடுத்து வாருங்கள், தம்பி” என்றேன். மாணவர் தீப்பொறி உரசியைக் கொண்டுவந்து நீட்டினார். அவர்மீது பிழையில்லை. நம் வீடுகளில் பற்றவைப்பது அடுப்பைத்தான். தமிழகத்தில் வெல்டிங்கைப் பற்றவைப்பு என்று எழுதும் வழக்கம் இருப்பதை அறிவேன். ஆனால் நெருப்பு மூட்டுவதும் உலோகத்தை இணைப்பதும் ஒரே மேசையில் அடுத்தடுத்து நடக்கும் வேலைக்கு அச்சொல் ஆகாது.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. சட்டகப் பட்டறையில் நடக்கும் வேலை பெரும்பாலும் வெல்டிங் அன்று. உருக்கி ஒட்டும்போது இணையவேண்டிய இரும்பே உருகுகிறது. சட்டக வேலையிலோ குழாயும், குழாய் முனைகளைச் செருகி இணைக்கும் உறையான லக்கும் உருகாமல் இருக்க, இடையில் இடும் பித்தளையோ வெள்ளிக் கலப்புலோகமோ மட்டும் உருகி, நுண்ணிய இடுக்குக்குள் தானே இழுக்கப்பட்டுப் பிடித்துக்கொள்கிறது. பித்தளைக் கம்பி ஏறத்தாழ 880 பாகை செல்சியஸில் உருகும். 56 சதவீத வெள்ளி கொண்ட கம்பி 650 பாகை அளவிலேயே ஓடத் தொடங்கிவிடும். உருக்கு உருகுவதற்கு 1,400 பாகைக்கு மேல் வேண்டும். இந்த வேலைக்குத் தமிழில் பழைய பெயர் இருக்கிறது. பொற்கொல்லர் அதைப் பற்றாசு என்பர். வெறுமனே ஆசு என்றும் சொல்வதுண்டு. யாப்பிலக்கணம் படித்தவர்களுக்கு ஆசிடை நேரிசை வெண்பா நினைவிருக்கும்: முதற் குறளையும் தனிச்சொல்லையும் இணைக்க இடையே இடும் ஓரிரண்டு அசைகளுக்கு, உலோகத்தை உலோகத்தோடு இணைக்கும் ஆசின் பெயரையே இலக்கணகாரர் கொடுத்தனர். வெண்பாவுக்கு இரவல் போன சொல்லைப் பட்டறைக்குத் திருப்பி அழைப்பதில் எனக்குத் தயக்கமில்லை. 450 பாகைக்குக் கீழே ஈயக் கலவையால் செய்வதை மென்பற்றாசு என்றும், அதற்கு மேலே பித்தளையாலும் வெள்ளியாலும் செய்வதை வன்பற்றாசு என்றும் பிரித்துக்கொள்ளலாம். பற்றாசு பிடித்தல் என்ற வினை இலங்கைப் பாடநூல் வழக்கோடும் பொருந்தும்.

இனிக் கருவிக்கு வருகிறேன். தீச்சூள் அழகான சொல்தான்; ஆயினும் மின்சூள் என்றால் நம் பிள்ளைகளுக்குக் கைவிளக்கு. ஆங்கிலத்தில் ஒரே சொல் விளக்கையும் இக்கருவியையும் குறிப்பதால் நேர்ந்த குழப்பத்தை நாமும் ஏன் சுமக்கவேண்டும்? இங்கே சுடர் வெளிச்சத்துக்காக எரிவதில்லை.

ஊதுகுழலை விடுவதற்குத்தான் மனம் வரவில்லை. செய்தித்தாளில் அது கட்சிப் பத்திரிகையைக் குறிக்கும் வசைச்சொல்லாகிவிட்டது என்று ஒருவர் நகைத்திருந்தார். அது எனக்குத் தடையாகத் தோன்றவில்லை. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவில் ஈர விறகோடு மல்லுக்கட்டிய எவருக்கும் ஊதாங்குழல் தெரியும். பொற்கொல்லரின் ஊதுகுழலும் அதே இனம். இரண்டிலும் குழலுக்குள் போவது வெறுங்காற்று. நெருப்பு வெளியே, அடுப்பிலோ விளக்குத் திரியிலோ இருக்கிறது. நம் கருவியில் அப்படியன்று. எரிவாயுவும் ஒட்சிசனும் தனித்தனி வால்வுகள் வழியே கைப்பிடிக்குள் நுழைந்து, ஒரு கலப்பறையில் சேர்ந்து, நுனியில் சுடராக வெளிப்படுகின்றன. ஊதுவதற்கு ஆளில்லை, அழுத்தம் சிலிண்டரிலிருந்து வருகிறது. குழலே சுடரைத் தருவதால் சுடர்க்குழல் என்பதே இதன் செயலைச் சரியாகச் சொல்கிறது என்பது என் முடிவு. சட்டகத்தின் உறுப்புகளைக் குழாய் என்றும், வாயு வரும் இறப்பர் வழியை நெகிழ்குழாய் என்றும் எழுதிவிட்டால், குழல் என்ற சொல் இக்கருவிக்கு மட்டுமே உரியதாக நிற்கும்.

சுடர்முனை என்ற நான்காவது பரிந்துரையை நான் தள்ளவில்லை. கழற்றி மாற்றக்கூடிய நுனிக்கு அதை வைத்துக்கொள்கிறேன். இந்த வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. அசற்றலீன் என்ற எரிவாயுவுக்குரிய முனையில் பொதுவாக ஒற்றைத் துளை இருக்கும். அதில் புரொப்பேன் என்ற மற்றோர் எரிவாயுவைச் செலுத்தினால் சுவாலை முனையில் நிற்காமல் பறந்து அணையும். புரொப்பேனுக்குப் பல துளைகள் கொண்ட, அல்லது உட்குழிந்த முனை வேண்டும். குழல் ஒன்று, முனை இரண்டு என்ற நிலையைக் கைந்நூல் தெளிவாகச் சொல்லவேண்டுமானால் இரண்டு பெயர்கள் இருந்தே ஆகவேண்டும்.

எந்த வாயு என்பதில் நம் மலைப்பகுதிக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. அசற்றலீன் சுவாலை 3,100 பாகையைத் தொடும். ஒட்சிசனோடு எரியும் புரொப்பேன் 2,800 பாகை அளவில் நிற்கும். சுவர்த் தடிப்பு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த குழாய்க்கு இரண்டுமே தேவைக்கு மிஞ்சியவை. பரவலாகச் சூடாக்கும் புரொப்பேன் சுவாலை, லக் முழுவதையும் ஒரே சூட்டுக்குக் கொண்டுவருவதில் பழகுநருக்கு அதிக இடம் கொடுக்கிறது. ஆனால் அது தன் கனவளவைப்போல் ஏறத்தாழ நாலு மடங்கு ஒட்சிசன் கேட்கும். எரிவாயுக் கடையில் கிடைக்கும் சமையல் சிலிண்டரில் புரொப்பேனோடு பியூட்டேனும் கலந்திருக்கும். பியூட்டேனின் கொதிநிலை பூச்சியப் பாகைக்குச் சற்றே கீழே இருப்பதால், நுவரெலியாவின் தை மாதக் காலையில் சிலிண்டர் சோம்பிக் கிடக்கும். அழுத்தமானி ஏற மறுக்கும். வெயில் ஏறிய பிறகு வேலையைத் தொடங்குவதே அதற்கு மருந்து. சிலிண்டரை நெருப்பால் சூடாக்க நினைப்பவரைப் பட்டறைக்குள் விடக்கூடாது.

இரு வாயுக்களும் சமன்பட்டு எரிவதை நடுநிலைச் சுவாலை, எரிவாயு மிகுந்ததைக் காபன்மிகு சுவாலை, ஒட்சிசன் மிகுந்ததை ஒட்சிசன்மிகு சுவாலை என்று எழுதியிருக்கிறேன். எரிவாயுவின் இணைப்பு மரை இடப்பக்கம் திருகுவது, ஒட்சிசனுடையது வலப்பக்கம். சங்குக்கு வழங்கும் இடம்புரி, வலம்புரி என்ற பெயர்களையே இவற்றுக்கும் கொடுத்தேன். மாணவர்கள் ஒருமுறை கேட்டதோடு மறக்கவில்லை.

இச்சொற்கள் ஒன்றையொன்று இடறாமல் நிற்கின்றனவா என்று பார்க்க, அசற்றலீன் பற்றிய பத்தியைத் திருத்தி எழுதியிருக்கிறேன். எந்தச் சொல்லில் நாக்குத் தடுக்குகிறது என்று படித்துச் சொல்லுங்கள்.

“அசற்றலீன் சிலிண்டரை எப்போதும் நிமிர்த்திச் சங்கிலியால் கட்டி வைக்க. அதன் வேலை அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தலைத் தாண்டவே கூடாது. இடம்புரி மரையையும் வலம்புரி மரையையும் இறுக்கியபின், சவர்க்கார நீரால் கசிவு பார்க்க. சுடர்க்குழலின் அசற்றலீன் வால்வைச் சிறிது திறந்து, சுடர்முனையில் தீப்பொறி உரசியால் பற்றவைக்க. கரும்புகை மறையும்வரை வால்வைத் திறந்து, பின்னர் ஒட்சிசனை மெல்லச் சேர்க்க. வெண்மையான இடைச்சுவாலை சுருங்கி உட்கூம்போடு ஒன்றாகும் இடத்தில் நிறுத்தினால் அது நடுநிலைச் சுவாலை. இணைப்பில் பூசிய வெண்காரப் பசை கண்ணாடிபோல் தெளியும்வரை குழாயையும் லக்கையும் ஒருசேரச் சூடாக்கிய பிறகே கம்பியைத் தொடுவிக்க. கம்பி சுவாலையில் உருகக்கூடாது. உலோகத்தின் சூட்டில் உருகவேண்டும்.”