சொல் வேண்டும்: 17 ஆண்டுக்கு ஒருமுறை எழும் சிள்வண்டும் அதைத் தின்னும் பூஞ்சையும்

ஆசிரியை, சிகாகோ புறநகர்த் தமிழ்ப்பள்ளி (செவ்வாய், 4 ஜூன் 2024)

குழுவினருக்கு வணக்கம்.

சனிக்கிழமை வகுப்புக்கு இரண்டு பக்கப் பாடத்தாள் எழுதிக்கொண்டிருக்கிறேன். வியாழன் இரவு அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். மூன்று சொற்கள் கிடைக்காமல் எழுத்து நின்றுவிட்டது.

எங்கள் ஊர் முழுக்க இப்போது ஒரே இரைச்சல். 2007இல் குஞ்சாக மண்ணுக்குள் இறங்கிய மாஜிசிகாடா என்ற சிள்வண்டுகள், 17 ஆண்டு வேர்ச்சாற்றைக் குடித்து வளர்ந்து, இந்த மே மாதம் ஒன்றாக மேலே வந்துவிட்டன. ஓக் மரத்தடியில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டைகள். மரப்பட்டையில் கழற்றிப்போட்ட தோல்கள் வரிசையாகத் தொற்றிக்கொண்டிருக்கின்றன. கருப்பு உடம்பு, சிவந்த கண்.

போன சனிக்கிழமை ஐந்தாம் நிலை மாணவி ஒருத்தி சாப்பாட்டு டப்பாவில் ஒன்றைப் பிடித்து வந்தாள். வயிற்றின் பின்பாதியே அதற்கு இல்லை. அந்த இடத்தில் சாக்பீஸ் துண்டை ஒட்டவைத்தது போல் வெள்ளையாக ஏதோ இருந்தது. மேசையில் விட்டேன், நடந்தது. நடந்த வழியெல்லாம் கோலமாவு சிந்தியது போல் பொடி. "இது செத்துப்போச்சா, உயிரோட இருக்கா டீச்சர்?" என்று கேட்டாள். மஸ்ஸோஸ்போரா சிகாடினா என்ற பூஞ்சை இது என்று எனக்குத் தெரியும். ஆனால் விளக்கம் முழுவதையும் ஆங்கிலத்தில்தான் சொன்னேன். அது எனக்கு மனசுக்கு ஆகவில்லை.

வேண்டியவை இவை. வருடாவருடம் கத்தும் சிள்வண்டிலிருந்து, கணக்கு வைத்துப் பல ஆண்டுக்கு ஒருமுறை எழும் இதைப் பிரித்துக்காட்ட ஒரு சொல். ஒரே ஆண்டில் எழும் மொத்தக் கூட்டத்தை இங்கே 'ப்ரூட்' என்று ரோமன் எண் போட்டு அழைக்கிறார்கள், எங்களுடையது 13. அதற்கு ஒரு சொல். அப்புறம் அந்தப் பூஞ்சைக்கு ஒரு பெயர்.

தமிழ்ப் பேராசிரியர் (ஓய்வு), மதுரை

அன்புள்ள ஆசிரியை அம்மா,

முதலில் சிள்வண்டு என்பதையே விடுங்கள். நம்மிடம் 'சிள்வீடு' இருக்கிறது. நற்றிணையிலும் அகநானூற்றிலும் பாலைப் பாட்டுகளில் 'சிள்வீடு கறங்கும்' என்று வருகிறது. காய்ந்த மரத்தில் ஒடுங்கிக்கொண்டு, ஆளில்லாத வழியில் அது மட்டும் ஒலிக்கும். பதிற்றுப்பத்தில் 'சிதடி' என்ற பெயரும் உண்டு. மலையாளத்தார் இன்றும் 'சீவீடு' என்கிறார்கள். நாம் தொலைத்ததை அவர்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

சிள் என்பது ஒலிக்குறிப்பு. வீடு என்பது 'விடு' என்னும் வினை முதல் நீண்டு பெயரானது. கெடு கேடானதும் படு பாடானதும் இப்படித்தான். சிள் என்ற ஒலியை விடுவது சிள்வீடு. இன்னொன்றும் எனக்குத் தோன்றுகிறது. தோலை விட்டு வெளியேறும் உயிருக்கு, விடுதலை என்ற பொருளுள்ள 'வீடு' அமைந்தது தற்செயலா? மண்ணுக்குள் 17 ஆண்டு கிடந்து, முதுகு வெடித்து, கூட்டை நீத்துப் பறக்கிறதே, வீடுபேறு என்று நாம் சொல்வதற்கு இதைவிடக் கண்ணெதிர்ச் சான்று உண்டா?

'நெடுநாட் சிள்வீடு' என்று வையுங்கள்.

பூச்சியியலாளர் (ஓய்வு), கோயம்புத்தூர்

பேராசிரியர் ஐயா சொன்ன 'சிள்வீடு' எனக்கும் பிடித்த சொல். ஆனால் பத்து வயதுப் பிள்ளை 'வீடு' என்று படித்தால் குடியிருக்கும் வீட்டைத்தான் நினைக்கும். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம்.

எனக்கு 'வண்டு' என்பதிலேயே வருத்தம் இருக்கிறது. வண்டுக்குக் கடிக்கும் வாய். இதற்கு ஊசி போல் உறிஞ்சும் வாய். தத்துப்பூச்சி, அசுவினி எல்லாம் இதன் பங்காளிகள். 'சிள்பூச்சி' என்றால் அறிவியலும் கெடாது. அமெரிக்காவில் முதலில் குடியேறியவர்கள் இதை வெட்டுக்கிளி என்று நினைத்துவிட்டார்கள், அந்தத் தவறு இன்றுவரை அவர்கள் பேச்சில் இருக்கிறது. நாமும் ஒரு தவறை நட்டுவைக்க வேண்டாம்.

'பதினேழாண்டு' என்ற சொல்லைப் பெயரில் சேர்க்காதீர்கள் என்பது என் முக்கியமான வேண்டுகோள். மாஜிசிகாடாவில் 7 இனம். மூன்றுக்கு 17 ஆண்டு, நான்குக்கு 13. நம் மேகாலயாவில், ரி-போய் மாவட்டத்தில், 4 ஆண்டுக்கு ஒருமுறை எழும் சிள்பூச்சி இருக்கிறது. 2013இல் கிரெமிஸ்டிகா ரிபோய் என்று பெயர் வைத்தார்கள். உலகக் கோப்பைக் கால்பந்து நடக்கும் ஆண்டுகளில் வரும், ஊரார் இரவில் பிடித்துச் சமைப்பார்கள். ஃபிஜியில் 8 ஆண்டுக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் பொருந்துகிற சொல் வேண்டும்.

மாணவர், சேலம்

வணக்கம். 'குறிஞ்சிச் சிள்வண்டு' எப்படி? நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை மலை முழுக்கச் சேர்ந்து பூக்கிறது. 2018இல் மூணாறில் பூத்தது. அதைத் தெரிந்தவருக்கு இந்தப் பூச்சியை ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்.

தமிழ்ப் பேராசிரியர், மதுரை

தம்பி, அழகாக யோசித்திருக்கிறீர்கள். ஆனால் சிள்வீடு பாலையின் கருப்பொருளாகவே பாட்டில் நிற்கிறது. அதன் தலையில் குறிஞ்சியை வைத்தால் திணை மயங்கும். கருப்பொருள் மயங்குவது உண்டுதான், பெயரிலேயே மயக்கலாமா? (இதைப் பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.)

பூச்சியியலாளர், கோயம்புத்தூர்

திணையை விட்டாலும், குறிஞ்சி என்றால் இது நீலகிரிப் பூச்சி என்று தேடிக்கொண்டு போவார்கள். இது அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் மட்டும் உள்ள உயிர்.

மொழிபெயர்ப்பாளர், டொரன்டோ (யாழ்ப்பாணம்)

எங்கட பக்கத்துச் சொற்களையும் ஒருக்கால் பாருங்கோ. பூஞ்சையை நாங்கள் பள்ளியில் 'பங்கசு' என்றுதான் படித்தோம், அது பரவுவதற்கு உதிர்க்கிற பொடியான ஸ்போரை 'வித்தி' என்று. 'வித்தி' உங்களுக்கும் நல்லாப் பொருந்தும், எடுத்துக்கொள்ளுங்கோ.

முதற்சொல்லுக்கு 'தவணைச் சிள்வண்டு' என்று எழுதத்தான் வந்தேன். பிறகு யோசித்தால், எங்களுக்குத் தவணை என்றால் பள்ளிக்கூடத் தவணை, வருடத்துக்கு மூன்று. அதனால் நானே மீளப் பெறுகிறேன். 'முறைச் சிள்வண்டு' சரிவருமா? விட்டு விட்டு, நாள் தவறாமல் வருகிற காய்ச்சலை முறைக்காய்ச்சல் என்று அம்மம்மா சொல்லுவா. அந்த 'முறை'.

மொழிபெயர்ப்பாளர், கும்பகோணம்

முறைக்காய்ச்சல் என்றதும் எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது அக்கா. ஆனால் 'முறை' என்றால் இங்கே முறைப்பெண், முறைமாமன் நினைவும் வரும். 'முறைவருகைச் சிள்வண்டு' என்று நீட்டலாம், நீட்டினால் யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் முறைச் சிள்வண்டுக்கே என் ஓட்டு.

இரண்டாவது சொல்லுக்கு 'ஈற்று' என்று முதலில் நினைத்தேன். ஆட்டுக்கு 'ஒரே ஈத்துக் குட்டி' என்போமே. ஆனால் ஈற்று என்றால் ஒரு தாய் வேண்டும். இங்கே ஒரே கூட்டத்தில் மூன்று இனங்கள் கலந்து எழுகின்றன. இன்று காலை இட்லி ஊற்றும்போது பதில் கிடைத்தது: 'ஈடு'. முதல் ஈடு இறக்கியாச்சு, இரண்டாம் ஈடு வைத்திருக்கிறேன் என்கிறோம். ஒரே ஆவியில் ஒன்றாக வேகும் அத்தனையும் ஓர் ஈடு, தாய் யார் என்ற கேள்வியே இல்லை. பதின்மூன்றாம் ஈடு, பத்தொன்பதாம் ஈடு.

ஆசிரியை, சிகாகோ புறநகர்

அக்கா, படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். இந்தப் பூச்சிகள் எழுவதே சூட்டை வைத்துத்தான். 20 செ.மீ. ஆழத்தில் மண் ஏறக்குறைய 18 பாகை செல்சியஸ் தொட்டதும் மழை பெய்த ஒரு மாலையில் எல்லாம் வெளியே வருகின்றன. இட்லிப் பானை மூடி ஆடுவதற்கும் இதற்கும் என்ன தூரம்?

இந்த ஆண்டு 17 ஆண்டுக்காரர்களான 13ஆம் ஈடும், 13 ஆண்டுக்காரர்களான 19ஆம் ஈடும் சேர்ந்து எழுந்திருக்கின்றன. எண்கள் தலைகீழாக இருப்பதால் பிள்ளைகள் குழம்புகிறார்கள். 'பேட்ச்' என்றே எழுதலாமா என்றுகூட யோசித்தேன். ஈடு இருக்கும்போது பேட்ச் தேவையில்லை.

தமிழ்ப் பேராசிரியர், மதுரை

ஈடு மிக நல்ல சொல். 'இடு' நீண்டு ஈடானது, என் சிள்வீட்டைப் போலவே. வைணவர்க்கு ஈடு என்றால் திருவாய்மொழியின் முப்பத்தாறாயிரப்படி உரை. ஒப்பு, வலிமை, அடகு என்றும் பொருள் உண்டு.

இரண்டு ஈடும் சேர்ந்து எழுந்தது முன்பு 1803இல் என்று படித்தேன். மருது பாண்டியரைத் தூக்கிலிட்டு இரண்டே ஆண்டு ஆன காலம். அப்போது எழுந்தவற்றின் வாரிசுகள் இன்று உங்கள் மரத்தில் கத்துகின்றன. மனம் என்னவோ செய்கிறது அம்மா.

மொழிபெயர்ப்பாளர், டொரன்டோ

எங்களுக்கு ஈடு என்றால் நகை ஈடு வைக்கிறதுதான் முதலில் வரும். ஆனால் 17 வருடம் மண்ணிடம் வைத்து மீட்ட மாதிரியும் இருக்குது. எனக்குச் சம்மதம்.

பூச்சியியலாளர், கோயம்புத்தூர் (புதன் இரவு)

இனி பூஞ்சை. அது என்ன செய்கிறது என்பதைச் சரியாகப் பிடித்தால்தான் பெயர் வரும்.

மேலே வரும் இளம்பூச்சியை, மண்ணில் போன ஈட்டுக் காலத்திலிருந்தே காத்துக்கிடக்கும் உறங்குவித்திகள் பிடித்துக்கொள்கின்றன. உள்ளே வளர்ந்து வயிற்றை நிரப்பியதும் பின்பகுதி கழன்று விழும், இனவுறுப்பும் அதோடு போகும். பூச்சி சாகாது. பறக்கும், இணை தேடும். நோய் பிடித்த ஆண், பெண்ணைப் போல இறக்கையைச் சொடுக்குகிறது. ஆண் பாடி முடித்ததும் பெண் தரும் பதில் அந்தச் சொடுக்கு. அதை நம்பி வரும் ஆணுக்கும் தொற்று ஒட்டுகிறது. இப்படி இரண்டாம் சுற்றில் தொற்றியவற்றின் வயிற்றில் உறங்குவித்திகள் உருவாகி மண்ணில் உதிர்கின்றன, அடுத்த ஈட்டுக்காக.

2019இல் இந்தப் பூஞ்சையில் கத்தினோன் என்ற ஊக்கப்பொருளைக் கண்டார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் மெல்லும் காட் இலையில் உள்ளது அதுதான். ஆனாலும் 'போதைப் பூஞ்சை' என்று வைக்காதீர்கள். அந்தப் பொருள் இருப்பது உறுதி, நடத்தைக்கு அதுதான் காரணம் என்பது இன்னும் உறுதியாகவில்லை.

'சாம்பல்' கூடாது, கொடியிலும் காய்கறியிலும் வரும் சாம்பல் நோய் இருக்கிறது. 'சுண்ணப் பூஞ்சை' என்றால், பட்டுப்புழுவைச் சுண்ணாம்புக் கட்டி போல இறுக்கிவிடும் பூஞ்சையோடு குழம்பும். 'சிள்வண்டுப் பூஞ்சை' என்றால், சீன மருத்துவத்தில் சிள்வண்டுக் குஞ்சின் தலையிலிருந்து முளைக்கும் வேறொரு பூஞ்சை இருக்கிறது. 'ஒட்டுண்ணி' தவறில்லை, ஆனால் பிள்ளைகள் நாய் உண்ணியை நினைப்பார்கள், இது முழுக்க உள்ளே வாழ்வது.

மாணவர், சேலம்

'வயிறுதிர் பூஞ்சை'? பூச்சியின் மூன்று பகுதி தலை, மார்பு, வயிறு என்றுதான் பாடநூலில் இருக்கிறது.

தமிழ்ப் பேராசிரியர், மதுரை

வினைத்தொகை, அதனால் வலி மிகவில்லை, சரி. ஆனால் உதிர்வது யாருடைய வயிறு? உதிர்ந்தது, உதிர்த்தது இரண்டுக்கும் வினையடி ஒன்றே. பூஞ்சையின் வயிறு உதிர்வதாகவும் படிக்கலாம். 'வயிறுதிர்ப்பி' என்றால் செய்வது எது என்று ஐயமில்லாமல் நிற்கும். மூடி, திறப்பி போல.

மொழிபெயர்ப்பாளர், கும்பகோணம்

வயிறுதிர்ப்பியை மூன்று முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன் ஐயா. ஒவ்வொரு முறையும் நாக்கு இடறியது. தமிழில் படிக்கவே தயங்கும் பிள்ளைக்கு இதைக் கொடுத்தால் அடுத்த வரிக்குப் போகாது.

மொழிபெயர்ப்பாளர், டொரன்டோ

வியாழன் வந்திட்டுது. 'வயிறு உதிர்க்கும் பூஞ்சை' என்று பிரித்தே எழுதுங்கோ. விளங்கும்.

தமிழ்ப் பேராசிரியர், மதுரை

அது விளக்கம், கலைச்சொல் ஆகாது. கலைச்சொல் என்றால் அதிலிருந்து இன்னொரு சொல் பிறக்க வேண்டும். வயிறுதிர்ப்பி நோய், வயிறுதிர்ப்பி வித்தி என்று சொல்லலாம். உங்கள் தொடரிலிருந்து எது பிறக்கும்? என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஆசிரியை, சிகாகோ புறநகர் (வியாழன் இரவு)

எல்லோருக்கும் நன்றி. தாள் அச்சுக்குப் போய்விட்டது. முறைச் சிள்வண்டு (ஆதரவு நால்வர்), ஈடு (எல்லோரும்), வித்தி, வயிறு உதிர்க்கும் பூஞ்சை. பேராசிரியர் ஐயா மன்னிக்க வேண்டும். 'சிள்வீடு' தாளின் தொடக்கத்தில் பெட்டிச் செய்தியாக வந்திருக்கிறது. சங்கப் பாட்டில் இதே ஒலியைக் கேட்டவர்கள் இருந்தார்கள் என்று எழுதியிருக்கிறேன்.

ஆசிரியை, சிகாகோ புறநகர் (சனி மாலை)

வகுப்பு முடிந்தது. 13ஐயும் 17ஐயும் பெருக்கி 221 என்று பிள்ளைகளே கண்டுபிடித்து, இரண்டு ஈடும் மறுபடி சேர்வது 2245 என்று பலகையில் எழுதினார்கள். டப்பாவில் கொண்டுவந்த பெண் தன் நோட்டைக் காட்டினாள்: "13ஆம் ஈடு. எங்கள் தோட்டம். எண்ணியது 64. வெள்ளை 3." பூஞ்சை என்று எழுதாமல் 'வெள்ளை' என்றே எழுதியிருந்தாள், நான் திருத்தவில்லை.

ஒரு பையன் கேட்டான்: இறக்கையைச் சொடுக்குவதற்குத் தனிச் சொல் இருக்கிறதா? விரல் சொடுக்கு இருக்கிறது. இறக்கைக்கு?

பூச்சியியலாளர், கோயம்புத்தூர்

'இறக்கைச் சொடுக்கு' போதும். ஆனால் 'வண்டு' விஷயத்தில் நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த தாளுக்கு முன் அதை முடித்துவிடுவோம்.