இரண்டு கிலோவா, அறுநூறு கிராமா? டெலி ஜூம் லென்ஸ் அனுபவங்களை எழுதுங்கள்

நாங்குநேரிக்காரன்

கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் வரித்தலை வாத்துகளுக்காகக் காத்திருந்தவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. குளத்தின் நடுவே கூட்டமாக உட்கார்ந்திருந்தன. வெயில் ஏறியும் ஒன்றுகூட அசையவில்லை. என் கையில் 150-600 மி.மீ. டெலி ஜூம், தொலைவில் இருப்பதைக் கிட்டே காட்டும் லென்ஸ். கேமராவோடு சேர்த்தால் இரண்டே முக்கால் கிலோவுக்குக் குறையாது. அதைக் கண்ணருகே எவ்வளவு நேரம் பிடித்திருக்க முடியும்? இறக்கி மடியில் வைத்த நேரம் பார்த்து, மேற்கிலிருந்து ஒரு சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வந்தது.

மொத்தக் கூட்டமும் ஒரே சத்தத்தோடு எழும்பியது. முதல் வரிசை எங்கள் கரையை நோக்கித் திரும்பியபோது, தலையில் உள்ள இரண்டு கறுப்புக் கோடுகளும் வெறும் கண்ணுக்கே தெரிந்தன. நான் லென்ஸைத் தூக்கி, நீட்டி, அவற்றைக் கட்டத்துக்குள் கொண்டுவருவதற்குள் எல்லாம் முதுகைக் காட்டிவிட்டன. பக்கத்தில் நின்ற கல்லூரி மாணவரிடம் கேனான் ஆர்.எஃப். 100-400 இருந்தது. 635 கிராம். அவர் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்ததை எடுத்த வேகத்திலேயே படம் விழுந்துவிட்டது. கோடு போட்ட அந்தத் தலைகள் நேராகப் பார்க்கும் படத்தை அவர் திரையில் காட்டினார். இன்றைக்கும் அது என்னைத் தூங்கவிடவில்லை.

எடை குறைந்த டெலி ஜூம் வைத்திருப்பவர்கள், நம் பக்கத்து வெயிலிலும் காற்றிலும் அது எப்படி நடந்துகொண்டது என்று எழுதுங்கள். விலைப்பட்டியல் வேண்டாம், அது எங்கும் கிடைக்கிறது.

கொக்கிரகுளம் ஆசிரியை

அண்ணாச்சி, எனக்கும் ஒரு படம் இருக்கிறது, மறக்க முடியாதது.

சுலோச்சன முதலியார் பாலத்தில் காலையில் நின்று பாருங்கள். கருப்பு வெள்ளை மீன்கொத்தி தாமிரபரணிக்கு மேலே சிறகடித்தபடி அந்தரத்தில் நிற்கும். கரையிலிருந்து பார்த்தால் வயிறுதான் தெரியும். பாலத்தின் மேல் நின்றால் பறவை நம் கண் மட்டத்துக்கு வந்துவிடும். என்னிடம் இருப்பது ஒலிம்பஸ் 75-300, வெறும் 423 கிராம். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் எனும் அந்த வகை கேமராவில் சென்சார் (படம் பதியும் சில்லு) மிகச் சிறியது என்பதால் 300 என்பது இரட்டிப்பாகி 600 மி.மீ. பார்வையைத் தருகிறது. பள்ளிக்குக் கொண்டுபோகும் பையில் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்திலேயே அதற்கும் இடம் உண்டு. அதனால்தான் அன்றைக்கு அது என்னோடு இருந்தது.

மீன்கொத்தி சிறகை மடக்கியது தெரிந்தது. விரலை அழுத்திக்கொண்டே இருந்தேன். அலகின் நுனி தண்ணீரைத் தொட்டு, தண்ணீர் இன்னும் உடையாமல் ஒரு சின்னக் குழி மட்டும் விழுந்திருக்கிறதே, அந்தக் கணம் ஒரு படத்தில் இருக்கிறது. முழு நீளத்தில் துளை எஃப் 6.7 தான், இந்த எண் கூடக் கூட உள்ளே வரும் வெளிச்சம் குறையும். நொடியில் 2000-இல் ஒரு பங்கு வேகம் வேண்டியிருந்ததால் ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு எண்) எகிறிவிட்டது, படத்தில் குருணை தெரிகிறது. கணவர் குருணையைத்தான் பார்க்கிறார். நான் அந்தக் குழியைப் பார்க்கிறேன்.

இரண்டு கிலோ லென்ஸ் என்றால் அதை நான் பள்ளிக்குத் தூக்கிப் போயிருக்கவே மாட்டேன்.

வள்ளியூர் கபடி

அக்கா, நீங்கள் சொல்வது காலை வெளிச்சத்துக்குச் சரி. தலைப்பில் எடையை மட்டும் கேட்டிருப்பதால் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

ஊர்க் கோயில் கொடையை ஒட்டி நடந்த இரவுக் கபடி. கடைசிப் பாட்டு, இரண்டு அணியும் சமப் புள்ளி. பாடிப் போனவரை நான்கு பேர் அமுக்கிவிட்டார்கள். மேலே ஆள்மேல் ஆள். அடியிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து, விரல் நடுக்கோட்டை நோக்கி மண்ணைக் கீறிக்கொண்டே நகர்ந்தது. தொட்டதா இல்லையா என்று மைதானமே எழுந்து நின்றது. என் நண்பர் இதே ஆர்.எஃப். 100-400 தான் வைத்திருந்தார், நான் 70-200 எஃப் 2.8. இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தோம். அவருடையதில் விரலும் மண்ணும் கோடும் ஒரே குழம்பாகத் தெரிந்தன. என்னுடையதில் நகக்கண்ணில் ஏறிய மண் தெரிகிறது.

காரணம் எளிது. எஃப் 2.8-க்கும் எஃப் 8-க்கும் இடையில் மூன்று ஸ்டாப், ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தைப் பாதியாக்கும். உள்ளே வரும் வெளிச்சம் எட்டில் ஒரு பங்காகிவிடும். நான் ஐ.எஸ்.ஓ. 6400 வைத்த இடத்தில் அவர் அதே வேகத்துக்கு 51200 வைக்க வேண்டும். எடையைக் குறைக்க நிறுவனங்கள் எங்கே கை வைக்கின்றன என்று பாருங்கள், முன்கண்ணாடியின் அகலத்தில்தான். கண்ணாடி சிறுத்தால் லென்ஸ் இலகுவாகும், வெளிச்சமும் சிறுக்கும். இதை யாரும் கடையில் சொல்வதில்லை. லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பு இதற்கு உதவும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும். எதிரில் பாய்கிறவரை அது நிறுத்தாது. புதிய 70-200 எஃப் 2.8 லென்ஸ்கள் இப்போது ஒரு கிலோவை ஒட்டியே வருகின்றன, கேனான் ஆர்.எஃப். 1,070 கிராம், சோனியின் இரண்டாம் பதிப்பு 1,045 கிராம். எஃப் 4 போதும் என்றால் கேனானில் 695 கிராமிலேயே இருக்கிறது. இன்னொன்று: எல்.இ.டி. விளக்குகளின் கீழ் எடுக்கும்போது ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரும். கேமராவின் மெனுவில் விளக்கு மினுக்கத்தைச் சரிசெய்யும் வசதி இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். மைதானத்தில் கோட்டின் முனைக்கு நேராகத் தரையில் உட்காருங்கள், நிற்காதீர்கள்.

அம்பை

தம்பி, பறவையைக் கேட்டவருக்குக் கபடி எதற்கு? மாஞ்சோலை மலைக்கு மேலே 70-200 கொண்டுபோய் என்ன செய்வீர்கள்?

இருவாச்சியைப் பார்ப்பதற்கு முன்னால் அதன் சிறகுச் சத்தம் வந்துவிடும். நீராவி என்ஜின் மேட்டில் ஏறுவது போல மூச்சு விட்டுவிட்டு வரும். காக்காச்சியைத் தாண்டிப் பாதை ஓரமாக நின்றபோது அந்தச் சத்தம் இடப்பக்கம் கேட்டது. பாதைக்கு மேலே மரங்களுக்கு நடுவே கொஞ்சம் வானம் தெரியும், அவ்வளவுதான் இடம். சிக்மா 100-400, ஒரு கிலோ நூற்றுச் சொச்சம் கிராம். சத்தத்தை வைத்தே அந்த வானத்தின்மேல் லென்ஸைப் பிடித்து நின்றேன். மஞ்சள் அலகு முதலில் வந்தது, அப்புறம் வெள்ளைப் பட்டை போட்ட சிறகு. மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. ஃபோகஸ் முன்னும் பின்னும் அலையாமல் பிடித்ததற்குக் காரணம், ஆறு மீட்டருக்கு அப்பால் மட்டும் தேடு என்று சுவிட்சைத் தள்ளி வைத்திருந்தேன். இரண்டு கிலோ லென்ஸாக இருந்தால், கண் மட்டத்துக்கு மேலே அத்தனை நேரம் கை தாங்கியிருக்காது. அந்த அலகின் மேல் கவசம் வெயில் படாமலே ஒளிர்ந்ததை இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

மலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வனத்துறை அனுமதி இல்லாமல் மணிமுத்தாறு சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாது, அதை முதலில் பாருங்கள். குளிர்ந்த லென்ஸோடு கீழே இறங்கினால் மணிமுத்தாற்றின் வெக்கையில் கண்ணாடி முழுக்க நீர் பூத்துவிடும். இறங்குவதற்கு முன்னால் மேலேயே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக மூடுங்கள். ஊர் வந்து சேர்ந்து, பையும் லென்ஸும் சுற்றுச் சூட்டுக்கு வந்த பிறகுதான் திறக்க வேண்டும். அவசரத்தில் துணியால் துடைத்தால் மேலே உள்ள ஈரம் போகும், உள்ளே போனது போகாது. இலகு லென்ஸ்கள் பலவற்றில் மழைக்கான ரப்பர் அடைப்பு கிடையாது. மேலே சொன்ன 635 கிராம் கேனானிலும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் லென்ஸைத் தோல் உறைக்குள் போட்டு பீரோவில் பூட்டாதீர்கள், பூஞ்சைக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். நீலம் வெளிறி இளஞ்சிவப்பானால் சூடாக்கித் திரும்பப் போடுங்கள். மாதம் ஒருமுறை லென்ஸை வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள். பின்மூடியைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் நூல் போலப் படர்ந்திருப்பது தெரியும், தொடக்கத்திலேயே சுத்தம் செய்யக் கொடுத்தால் பிழைத்துக்கொள்ளும்.

திசையன்விளை

எடை குறைந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று போகிறது பேச்சு. நான் ஏற்கவில்லை.

ஆனி மாதம், தேரி எனும் செம்மணல் மேடு. அந்தக் காற்றை அறிந்தவர்களுக்குத் தெரியும், நின்றால் சட்டை படபடக்கும். பாம்புக் கழுகு காற்றுக்கு எதிராக முகத்தை வைத்து, தலை துளிகூட ஆடாமல் மேலே நின்றது. உடம்பும் சிறகும் ஆடுகின்றன, தலை மட்டும் ஆணி அடித்தது போல. அலகிலிருந்து பாம்பின் வால் தொங்கியது, பாதி உள்ளே போயிருந்தது. நான் தரையில் உட்கார்ந்து முழங்கால்மேல் முழங்கையை ஊன்றி, சோனி 200-600-ஐப் பிடித்திருந்தேன். 2,115 கிராம். ஜூம் செய்யும்போது அது வெளியே நீளாது, எல்லாம் உள்ளேயே நகரும். அதனால் எடை ஒரே இடத்தில் நிற்கிறது. கழுகு குனிந்து என்னைப் பார்த்தது. மஞ்சள் கண். அந்தப் படம் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

கூட வந்தவர் நீளும் வகை இலகு லென்ஸ் கொண்டுவந்திருந்தார். எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை. முழுக்க நீட்டியதும், முனையில் மாட்டும் ஹூட்டின் (வெயில் மறைப்பு) மேல் காற்று அடித்து முனை ஆடியது, கழுகு கட்டத்துக்குள் நிற்கவே இல்லை. அதைவிட மோசம் மண். லென்ஸ் நீளும்போது உள்ளே காற்றை இழுக்கும், தேரியின் செம்மண் தூளும் கூடவே போகும். வீட்டுக்கு வந்து ஜூமைத் திருப்பினால் நறநறவென்றது. நிகான் 180-600-உம் உள்ளேயே நகரும் வகைதான், முக்காலியில் மாட்டும் கழுத்துப் பிடி இல்லாமல் 1,955 கிராம். நம் ஊர்க் காற்றுக்கும் மண்ணுக்கும் இந்த எடை தண்டனை அல்ல.

அம்பை அண்ணாச்சி சொன்ன பூஞ்சைக் கதை மலைக்கு. தேரிக்குத் தூரிகையும் ஊதும் பந்தும்தான் வேண்டும்.

மூலைக்கரைப்பட்டி

கூந்தன்குளத்தில் தொடங்கிய பேச்சு எங்கெங்கோ போய்விட்டது. 1994-இல் சரணாலயம் ஆவதற்கு முன்பிருந்தே அந்த ஊர்க்காரர்கள் பறவைக்காகப் பட்டாசு வெடிப்பதில்லை. மஞ்சள் மூக்கு நாரைகள் வீட்டு வாசல் மரத்திலேயே கூடு கட்டுகின்றன. அங்கே 600 மி.மீ. கொண்டுபோனால் நாரையின் மூக்கு மட்டும்தான் படத்தில் வரும்!

என்னிடம் இருப்பது கேனான் 55-250 எஸ்.டி.எம்., 375 கிராம், பழைய கேமரா. தெருவில் நின்றிருந்தேன். மேலே கூட்டில் சண்டை, ஒரு குஞ்சு கிளை கிளையாகத் தட்டிக்கொண்டு விழுந்தது. வாசல் தெளித்துக்கொண்டிருந்த அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையை ஏந்தினார். குஞ்சு முந்தானையில் விழவில்லை, பக்கத்தில் விழுந்தது. அவர் அதைத் தூக்கி இறக்கையைத் தடவிப் பார்த்த முகம் என் படத்தில் இருக்கிறது. மேலே கூட்டிலிருந்து தாய் எட்டிப் பார்ப்பதும் அதே படத்தில் இருக்கிறது, 55-இல் எடுத்ததால். 150-இல் தொடங்கும் லென்ஸில் இந்தப் படத்தை எடுக்கவே முடியாது. எல்லாரும் 400, 600 என்ற பெரிய முனையையே பேசுகிறீர்கள். சிறிய முனையையும் பாருங்கள்.

நாங்குநேரிக்காரன்

எல்லாருக்கும் நன்றி. முந்தானைப் படத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறது, அந்த அம்மாவிடம் கேட்டுக்கொண்டு முடிந்தால் போடுங்கள். 100-400 பக்கம் மனம் சாய்கிறது. குளத்தின் நடுவில் இருக்கும் வாத்துகளுக்கு 600-ஐ விட்டு 400-க்கு வந்தால் எவ்வளவு இழப்பேன்?

திசையன்விளை

பாதிக்கு மேல் இழப்பீர்கள். 400-இல் எடுத்ததை 600 அளவுக்கு வெட்டினால் பரப்பு இரண்டேகால் மடங்கு குறையும். 24 மெகாபிக்சல் படம் 10 மெகாபிக்சல் சொச்சமாகிவிடும். கானல் வேறு. உச்சி வெயிலில் குளத்தின் மேல் எழும் அலையில் எந்த லென்ஸும் கூர்மை தராது.

கொக்கிரகுளம் ஆசிரியை

கானல் எல்லா லென்ஸுக்கும் பொது, அதை 400-இன் கணக்கில் எழுதாதீர்கள். பத்து மெகாபிக்சலில் பன்னிரண்டு அங்குலப் படம் அச்சிட்டு எங்கள் பள்ளிச் சுவரில் மாட்டியிருக்கிறேன். பிள்ளைகள் மீன்கொத்தியின் கண்ணைத் தொட்டுப் பார்க்கிறார்கள். என்னுடையதைவிடச் சற்றுப் பெரிய, ஏ.பி.எஸ்.-சி எனும் சென்சார் உள்ள கேமரா என்றால் 400-ஏ 600 பார்வையைத் தந்துவிடும், அப்போது இந்த வெட்டுக்கே வேலை இல்லை. கண்ணாடி வைத்த பழைய டி.எஸ்.எல்.ஆர். பலவற்றில் எஃப் 8-இல் தானியங்கி ஃபோகஸ் வேலை செய்யாது, ஆர்.எஃப். லென்ஸ் அதில் பொருந்தவும் செய்யாது. நாங்குநேரி அண்ணாச்சி, உங்கள் கேமரா எந்த வகை என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லையே?