'இன்ஆக்டிவேஷன்': கொல்லுதலா, தொற்றுத்திறன் இழப்பா?

வணக்கம் ஐயா,

தருமபுரி, கிருஷ்ணகிரி குடிநீர் டேங்க் ஆபரேட்டர்களுக்கான கையேட்டு வரைவில் 'இன்ஆக்டிவேஷன்' என்பதற்குக் 'கொல்லுதல்' என்று போட்டிருக்கிறீர்கள். தண்ணீர் வழியே பரவி வயிற்றுப்போக்கு தரும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணிக்கு அது பொருந்தாது.

முதலில் அதன் கூடு, அதாவது 'ஊசிஸ்ட்'. 4 முதல் 6 மைக்ரான் அளவுதான். 'நீர்க்கட்டி' வேண்டாம், ஆஸ்பத்திரியில் அது சினைப்பைக் கட்டி. பட்டுக்கூடு ஏலம் போகும் தருமபுரியில் 'கூடு' என்றாலே புரியும்.

சதுர செ.மீ.க்கு 12 மில்லிஜூல் புற ஊதாக் கதிர் பட்டால் 99.9 விழுக்காட்டுக் கூடுகள் தொற்ற முடியாமல் போகும். ஆனால் ஓடு கலையாது. சாயம் ஏற்றினால் உயிருள்ளதாகவே தெரியும். பித்த உப்பும் 37 டிகிரி வெப்பமும் கொடுத்தால் கூடு உடைந்து உயிரி வெளியேயும் வரும். டி.என்.ஏ. சிதைந்ததால் குடலில் பெருக முடியாது, அவ்வளவே. சூடேற்றிய பட்டுக்கூட்டில் புழு செத்தே போகிறது, இங்கே அப்படியில்லை. சாயத்தை மட்டும் நம்பினால் நல்ல கருவியையும் 'வேலை செய்யவில்லை' என்று தள்ளிவிடுவோம்.

'செயலிழப்பு' சிறுநீரகத்துக்குப் போய்விட்டது, 'தொற்றுநீக்கம்' டிஸ்இன்ஃபெக்‌ஷனுக்கு. 'தொற்றுத்திறன் இழப்பு' என்று வைக்கலாமா?

*

வணக்கம் அம்மா,

பொருள் சரி. அட்டவணைக்கு நீளம், 'தொற்றிழப்பு' போதாதா?

*

ஐயா, கொரோனாவுக்குப் பிறகு அதைத் தொற்றால் வந்த இழப்பு என்றுதான் படிப்பார்கள். நீளம் இருக்கட்டும்.

அளக்கும் முறையும் இந்தச் சொல்லோடு ஒட்டுகிறது. குடல் செல் வளர்ப்பில் கூடுகளை இட்டு, 48 மணி நேரம் கழித்து ஒளிரும் எதிர்ப்பொருள் ஏற்றி, தொற்றிய இடங்களை எண்ணுகிறோம். தொற்றக்கூடிய 10 லட்சம் கூடுகள் 1,000 ஆனால் 3 மடக்கை (லாக்) இழப்பு, ஒவ்வொரு மடக்கையும் பத்தில் ஒன்றாகக் குறைவது. மருந்து சேர்க்காத மாதிரி ஒன்று கூடவே ஓட வேண்டும். இல்லாவிட்டால் கூடுகள் கண்ணாடியில் ஒட்டிக் காணாமல் போவதும் இழப்பாகக் கணக்கில் ஏறிவிடும். குளோரின் சோதனையில் குறித்த நிமிடத்தில் சோடியம் தயோசல்பேட் விட்டு நிறுத்தாவிட்டால், எண்ணும்வரை குளோரின் வேலை செய்துகொண்டே இருக்கும். முடிவு பொய்யாக உயரும்.

*

ஏற்கிறேன் அம்மா. தலைப்பு: 'தொற்றுத்திறன் இழப்பு, மடக்கையில்'. குளோரின் வரிசையில் இதையும் சேர்க்கிறேன்: 25 டிகிரி, பி.எச். 7.5, கிரிப்டோஸ்போரிடியத்தில் 3 மடக்கைக்கு 15,300 மி.கி.-நிமிடம்/லிட்டர் (குளோரின் அளவை நிமிடங்களால் பெருக்கியது). லிட்டருக்கு 1 மி.கி. குளோரின் குறையாமல் நின்றாலும் பத்தரை நாளுக்கு மேல். குழாய் முனையில் நாம் பார்ப்பது 0.2 மி.கி. எனவே இந்தக் கிருமிக்கு நேராக 'பிளீச்சிங் பவுடர்' என்று எழுதாமல் 'ஒரு நிமிடம் தளதளவெனக் கொதிக்க வைக்கவும்' என்று மாற்றுகிறேன்.