புதுப்பிப்பு: பூட்டனார் பத்திரம் கிடைச்சிருச்சுங்க

காங்கயம் பக்கம் எங்க பூட்டனார், அதாவது அப்பாருவோட (தாத்தாவோட) அப்பா, காடு (விவசாய பூமி) வாங்குன சேதி ஒரு துண்டுச்சீட்டுல இருக்கு, ஆனா 1923 பத்திரப் பதிவு அட்டவணையில அவர் பேரே இல்லைன்னு போன மாசம் எழுதியிருந்தேன்.

தப்பு என் கணக்குலதான். சீட்டுல இருந்தது ‘ருத்ரோத்காரி வருஷம் தை மாசம்’. ருத்ரோத்காரி பொறந்தது 1923 சித்திரையில. தை வர்றப்போ இங்கிலீஷ் வருஷம் 1924 ஆயிருது. இதை எடுத்துச் சொன்ன அண்ணனுக்குக் கோடி புண்ணியம். 1924-க்குத் தேடுதல் மனு போட்டேன், நகல் கைக்கு வந்திருச்சு. காங்கயம் இப்ப இருக்கற திருப்பூர் மாவட்டமே 2009-ல வந்ததுங்க. பத்திரத்துல கோயமுத்தூர் ஜில்லான்னுதான் இருக்கு, தேடறவங்க இதையும் பாத்துக்கோங்க.

ஆனா என்னை உலுக்குனது செக்குபந்தி, அதாவது நிலத்தோட நாலு பக்க எல்லையை எழுதுற பகுதி. ‘தென்வடல் இட்டேரிக்குக் கிழக்கு, உமது தம்பி காட்டுக்கு மேற்கு’ன்னு எழுதியிருக்கு. இட்டேரின்னா காடுகளுக்கு நடுவுல போற வேலி கட்டுன வண்டித்தடம்; ‘உமது’ன்னா காடு வாங்குன பூட்டனாரோடதுன்னு அர்த்தம். தம்பியா? பூட்டனார் ஒத்தைப் பிள்ளைன்னு சொல்லித்தான் எங்களை வளர்த்தாங்க! கடைசியில கையெழுத்து இல்லை, ‘கீறல்’னு மட்டும் இருக்கு, எழுதத் தெரியாதவங்க கையெழுத்துக்குப் பதிலாப் போடற கோடு. அந்த ஒரு சொல்லை ரொம்ப நேரம் பாத்துட்டே உக்காந்திருந்தேன்.

அப்பத்தாகிட்ட வாசிச்சுக் காட்டுனேன். வெத்தலை மெல்லறதை நிறுத்திட்டாங்க. “பெருந்துறைப் பக்கம் ஒருத்தர் கோவிச்சுட்டுப் போனாருன்னு மாமனார் ஒருக்கா சொன்னாரு சாமி. அப்பறம் அந்தப் பேச்சையே எடுக்கல.”

எல்லை எழுதுன நாலு வரியைத் தாண்டிப் போயிராதீங்க. பங்காளிக அங்கதான் இருக்காங்க.

அடுத்து, குலதெய்வக் கோயில் பழைய தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவுன்னு வாங்கற வரி) நோட்டைக் கேட்டிருக்கேன். பெருந்துறைப் பக்கத்துப் பேர் ஏதாவது இருந்தா அப்பத்தாவையும் கூட்டிட்டு நேர்ல போறேன்.