மெத்தடோன் சிகிச்சையிலுள்ள தாயின் கைக்குழந்தை எங்கள் வீட்டுக்கு வருகிறது: எப்படித் தயாராவது?

கேள்வி: ஓஹாயோவாசி

வணக்கம். நாங்கள் ஓஹாயோ மாநிலத்தில் வசிக்கும் தமிழ்க் குடும்பம். பெற்றோர் அழைத்துக்கொள்ளும் வரை குழந்தைகளைத் தற்காலிகமாக வளர்ப்பதற்கான பயிற்சியை முடித்துச் சென்ற ஆண்டு உரிமம் பெற்றோம். பிறந்து 12 நாளே ஆன ஒரு பெண் குழந்தையை வரும் வெள்ளிக்கிழமை எங்களிடம் ஒப்படைக்கவிருக்கிறார்கள். குழந்தையின் தாய் ஃபென்டனில் என்ற கடும் போதைப்பொருள் பழக்கத்திலிருந்து மீள்வதற்காகக் கருவுற்ற நான்காம் மாதம் முதல் மெத்தடோன் என்ற மாற்று மருந்தை எடுத்து வருகிறார். அவர் தங்கிச் சிகிச்சை பெறும் இல்லத்தில் தாயும் சேயும் சேர்ந்திருக்கக்கூடிய அறை காலியாகும் வரை குழந்தை எங்களிடம் இருக்கும்.

நேற்று மருத்துவமனையில் அரை மணி நேரம் குழந்தையை மடியில் வைத்திருந்தேன். டயப்பர் மாற்றியபோது அதன் மோவாயும் கைகளும் நடுங்கின; அடுத்தடுத்து ஐந்தாறு தும்மல் வந்தது. பசியில் கைமுட்டியைச் சப்பிய குழந்தை, பால்புட்டியை வைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கீச்சென்று அழுதது. இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள் என்ற என் துணிச்சல் அந்த அழுகையில் பாதியாகிவிட்டது.

இந்த நடுக்கமும் அழுகையும் எத்தனை நாள் நீடிக்கும்? தாய் பீய்ச்சி அனுப்பும் பாலைக் கொடுக்கலாமா? தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கும் என் மாமியார் வசம்பு உரசிக் கொடுக்கலாம் என்கிறார். அதற்கு என்ன சொல்வது?

பதில்: இரவுப்பணி

பென்சில்வேனியாவில் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் 14 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். முதலில் ஒரு சொல்லைத் தள்ளிவைத்துவிடலாம். இக்குழந்தையைப் ‘போதைக்கு அடிமையான குழந்தை’ என்று யாரும் அழைக்க விடாதீர்கள். தேடிப்போய் ஒன்றைப் பயன்படுத்துவதுதான் அடிமைத்தனம். இக்குழந்தையின் உடலோ, தொப்புள்கொடி வழியே வந்துகொண்டிருந்த மருந்து பிறந்த கணத்தில் நின்றுபோனதால் நிலைகுலைந்திருக்கிறது, அவ்வளவே. நீங்கள் கண்ட தும்மலும் நடுக்கமும் அந்த விலகலின் அறிகுறிகள்தாம். மெத்தடோனைப் பொறுத்தவரை அவை பெரும்பாலும் பிறந்த மூன்று நாட்களுக்குள் தொடங்கும். 12 நாட்களில் கடுமையான கட்டம் பெரும்பாலும் கடந்திருக்கும். ஆனால் எளிதில் சிணுங்குவதும் தூக்கம் கலைவதும் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள்கூட நீடிக்கலாம்.

முன்பெல்லாம், பிலடெல்பியாவில் மருத்துவர் லொரெட்டா ஃபின்னகன் 1975-இல் வகுத்த மதிப்பெண் பட்டியலைக் கொண்டு, சில மணி நேரத்துக்கு ஒருமுறை தும்மல், கொட்டாவி, நடுக்கம் அனைத்தையும் எண்ணி, எட்டைத் தொட்டால் மார்ஃபின் தொடங்குவதைப் பற்றி யோசிப்போம். தூங்கும் குழந்தையை எழுப்பி நடுங்குகிறதா என்று பார்த்த இரவுகளை நினைத்தால் எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது. இப்போது பல மருத்துவமனைகளில் மூன்று கேள்விகள்தாம் முன்னிற்கின்றன: குழந்தை போதிய அளவு பால் குடிக்கிறதா, ஒரு மணி நேரமாவது தொடர்ந்து தூங்குகிறதா, அழுதால் பத்து நிமிடத்துக்குள் தேற்ற முடிகிறதா? அமெரிக்காவில் 26 மருத்துவமனைகளில் இம்முறையைச் சோதித்து 2023-இல் வெளியிட்ட ஆய்வில், வீடு திரும்பத் தகுதி பெறும் காலம் சராசரியாக 14.9 நாட்களிலிருந்து 8.2 நாட்களாகக் குறைந்தது. மருந்து தேவைப்பட்ட குழந்தைகள் 52 சதவீதத்திலிருந்து 19.5 சதவீதமாகக் குறைந்தனர். மடியும் அரையிருட்டும் அமைதியும் சிகிச்சையின் முதல் படியாயின.

வீட்டில் ஒரு நேரத்தில் ஒரு தூண்டுதல் போதும் என்பதை மனத்தில் வையுங்கள். ஆட்டும்போது பாடாதீர்கள், பாடும்போது முகத்துக்கு நேராக முகம் வைத்துக் கொஞ்சாதீர்கள். கைகளை மார்போடு சேர்த்துத் துணியில் சுற்றி, முதுகு சற்று வளைந்திருக்குமாறு பிடித்து, மெதுவாக மேலும் கீழுமாக அசைத்துப் பாருங்கள். பாலைச் சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுங்கள். மலம் இளகிப் போவதால் புண் விரைவில் வரும்; துத்தநாகக் களிம்பை ஒவ்வொரு முறையும் தாராளமாகத் தடவுங்கள். தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். தளர்வான துணி, தலையணை எதுவும் கூடாது. வசம்பு வேண்டாம், தேனும் வேண்டாம் என்று உங்கள் மாமியாரிடம் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். ஆனால் அவர் மடி நிச்சயம் வேண்டும். உங்களால் தாங்க முடியாத இரவு ஒன்று வரும். அப்போது குழந்தையைத் தொட்டிலில் கிடத்திவிட்டு அடுத்த அறைக்குப் போய் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருங்கள். எக்காரணம் கொண்டும் குலுக்கிவிடாதீர்கள். காய்ச்சல், வலிப்பு, பாலைத் தொடர்ந்து மறுத்தல் ஆகியவை தெரிந்தால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

பதில்: நேர்பட

மன்னிக்கவும், எனக்கு இது புரியவில்லை. கருவிலிருக்கும் குழந்தைக்கு இப்படிச் செய்தவரிடமே அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் இவ்வளவு ஏற்பாடா? மெத்தடோனும் ஃபென்டனிலைப் போல ஓபியாய்டு வகை மருந்துதானே? கருவுற்றது தெரிந்தவுடன் அவர் அனைத்தையும் நிறுத்தியிருக்க வேண்டாமா?

பதில்: மருந்தக ஜன்னல்

நான் ஒரு மெத்தடோன் மையத்தில் ஆலோசகராக இருக்கிறேன். காலை ஐந்தரை மணிக்கு மருந்து கொடுக்கும் எங்கள் ஜன்னலுக்கு முன் நிற்கும் வரிசையில் நிறைமாத வயிற்றோடு நிற்பவர்களை வாரந்தோறும் பார்ப்பவன் என்பதால், இக்கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

திடீரென நிறுத்துவது தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்து. நிறுத்தியவர்களில் பெரும்பாலோர் மீண்டும் தெரு ஃபென்டனிலுக்கே திரும்புகிறார்கள், அப்போது அளவு மீறினால் இரு உயிரும் போகலாம். அதனால்தான் மருத்துவர்கள் கருவுற்றவர்களுக்கு மெத்தடோன் அல்லது அதைப் போன்ற மாற்று மருந்தான புப்ரினோர்ஃபின் பரிந்துரைக்கிறார்கள். குழந்தைக்கு விலகல் அறிகுறி வரும் என்று தெரிந்தே எடுக்கும் முடிவு அது; அவ்வறிகுறிக்குச் சிகிச்சை உண்டு. தாயின் மருந்தளவு கூடியிருந்தால் குழந்தையின் துன்பமும் கூடும் என்று கணக்கிடவும் முடியாது. நம்மவர்களில் பலர் அளவைக் குறைக்கச் சொல்லி அப்பெண்களை வற்புறுத்துவதால் இதைச் சொல்கிறேன்.

தண்டனை வழியும் சோதிக்கப்பட்டதுதான். டென்னசி மாநிலம் 2014-இல் இத்தகைய தாய்மார்கள் மீது வழக்குத் தொடுக்க வழிசெய்யும் சட்டம் இயற்றியது. கைதுக்கு அஞ்சிய பெண்கள் கர்ப்பகாலப் பரிசோதனைக்கே வராமல் ஒதுங்கினர். 2016-இல் அச்சட்டம் நீட்டிக்கப்படாமல் காலாவதியானது. அதே ஆண்டு அமெரிக்கக் கூட்டரசு தன் குழந்தைப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, இத்தகைய குழந்தைக்கு வகுக்கப்படும் பாதுகாப்புப் பராமரிப்புத் திட்டத்தில் தாயின் சிகிச்சைத் தேவையும் இடம்பெற வேண்டும் என்றது. ஓஹாயோ சகோதரி, அத்திட்டத்தின் நகலைக் கவுண்டி அலுவலரிடம் கேட்டு வாங்குங்கள். மூன்று வயது வரையிலான வளர்ச்சி உதவிச் சேவைக்கு யார் பதிவு செய்வது என்பதையும் அப்போதே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

பாலைப் பொறுத்தவரை, தாய் சிகிச்சையில் நிலையாக இருந்து, வேறு எதையும் பயன்படுத்தாமல், எச்.ஐ.வி. இல்லாதிருந்தால் பொதுவாகத் தாய்ப்பாலை ஊக்குவிக்கவே செய்கிறார்கள். மெத்தடோன் பாலில் மிகச் சிறிதளவே சேரும். ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் தொற்று இருந்தாலும் தடையில்லை, ஆனால் காம்பு வெடித்து இரத்தம் கசியும் நாட்களில் நிறுத்த வேண்டும். அது தாய்க்கு இருந்தால் குழந்தைக்கு இரண்டு முதல் ஆறு மாதத்துக்குள் அக்கிருமி தொற்றியிருக்கிறதா என்று பார்க்கும் ஆர்.என்.ஏ. பரிசோதனை தேவை. உங்கள் குழந்தை மருத்துவரின் ஒப்புதலையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

பதில்: ஓஹாயோவாசி

அனைவருக்கும் நன்றி. குழந்தை நேற்று மாலை வந்துவிட்டாள். நள்ளிரவுக்கு மேல் நாற்பது நிமிடம் அழுதாள். விளக்கை அணைத்துவிட்டு, பாட்டை நிறுத்திவிட்டு, இரவுப்பணி அவர்கள் சொன்னபடி சுற்றிப் பிடித்து அசைத்ததும் அடங்கினாள். என் மாமியார் வசம்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, விடியும் வரை நாற்காலியில் அவளை நெஞ்சோடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். செவ்வாய்க்கிழமை தாயைச் சந்திக்க அழைத்துச் செல்கிறோம். அவர் உடுத்திய சட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி, பால் கொடுக்கும் நேரத்தில் என் தோளில் போட்டுக்கொண்டால் குழந்தை அந்த வாசனைக்குப் பழகுவாளா?

பதில்: இரவுப்பணி

பழகுவாள். தோளில் மட்டும் போடுங்கள், தொட்டிலில் வைக்காதீர்கள். அந்த நாற்பது நிமிடத்தையும் எப்படி அடங்கினாள் என்பதையும் ஒரு தாளில் எழுதித் தாயிடம் கொடுங்கள். அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.