புடவையைப் படம் எடுங்க, எங்க முகம் எதுக்கு?

தி.நகர்ல ஒரு பெரிய ஜவுளிக்கடை. அதுல பட்டுப் பிரிவுல ஆறு வருஷம் வேலை பார்த்தேன். இப்போ வேற ஊரு, வேற வேலை. ஆனா அங்க நடந்த ஒண்ணு இன்னும் மனசை விட்டுப் போகலை. கடைகள்ல வேலை பார்க்கிறவங்க, பார்த்தவங்க இங்க நிறைய பேர் இருக்கீங்க. கேக்காம நம்மளைப் போன்ல வீடியோ எடுத்துப் போடுறது பத்தி உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்க.

பட்டுப் பிரிவுல வேலை பார்த்தவங்களுக்கு இது தெரியும். புடவையை மேஜையில விரிச்சா மட்டும் யாருக்கும் மனசு நிறையாது. "மேல வச்சுக் காட்டும்மா"ன்னு கேப்பாங்க. நாங்க யூனிஃபார்ம் புடவைக்கு மேலயே ரெண்டு கொசுவம் வச்சு இடுப்புல செருகி, முந்தியைத் தோள்ல போட்டு, கரை தெரியற மாதிரி கையை நீட்டிக் காட்டுவோம். ஒரு முகூர்த்த நாளைக்கு முன்னாடி அப்படி முப்பது, நாப்பது புடவை போகும். வீடியோ கால்ல சிங்கப்பூர் அத்தைக்கோ துபாய் அண்ணிக்கோ காட்டச் சொல்லுவாங்க. "கொஞ்சம் திரும்பு கண்ணு, முந்தி சரியாத் தெரியலை"ன்னு அந்த அத்தையே போன்ல சொல்லும். நாங்களும் சிரிச்சிக்கிட்டே திரும்புவோம். அதுல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. கால் முடிஞ்சா அதோட போச்சு.

எனக்குப் பக்கத்துக் கவுண்டர்ல ஒரு தங்கச்சி இருந்தா. பத்தொன்பது வயசு, திருநெல்வேலிப் பக்கம் கிராமம், கடை ஹாஸ்டல்லதான் தங்கியிருந்தா. ஒரு குடும்பம் நிச்சயதார்த்தப் புடவை எடுக்க வந்தாங்க. கூட வந்த பையன் போனை நெஞ்சுக்கு நேரா பிடிச்சிக்கிட்டு நின்னான். மெசேஜ் பார்க்கிறான்னுதான் நாங்க நினைச்சோம். நாலு நாள் கழிச்சு ஹாஸ்டல்ல ஒருத்தி ரீல்ஸ் ஒண்ணைக் காட்டினா. அரக்குப் பட்டைத் தோள்ல போட்டுக்கிட்டு இவ திரும்புறா, சிரிக்கிறா, பின்னாடி ஒரு காதல் பாட்டு. கீழ வந்த கமெண்டுகளை இங்க எழுத எனக்குக் கை வரலை. யூனிஃபார்ம்ல குத்தியிருக்கிற பேர் அட்டை வரைக்கும் அதுல தெளிவா இருந்துச்சு. அவ பேரைச் சொல்லியே கமெண்ட் போட்டிருந்தாங்க.

சூப்பர்வைசர்கிட்டப் போனோம். "கடைக்கு விளம்பரம்தானே, தப்பா என்ன காட்டிட்டான்?"னு கேட்டார். மாடிப்படி பக்கத்துல 'போட்டோ, வீடியோ எடுக்கக் கூடாது'ன்னு போர்டு இருக்கேன்னு நான் சொன்னேன். அது டிசைனைக் காப்பி அடிக்காம இருக்க வச்சதாம். எங்களுக்கு இல்லையாம்.

அதுக்குள்ள ஊர்ல டீக்கடை வரைக்கும் அந்த வீடியோ போயிடுச்சு. அவங்க அப்பா போன்ல கத்தக்கூட இல்லை. "கிளம்பி வாம்மா"ன்னு மட்டும் சொன்னார். மறுநாள் சாயந்தரம் எழும்பூர்ல நான்தான் ரயில் ஏத்திவிட்டேன்.

அதுக்கப்புறம் யாராவது மேல வச்சுக் காட்டச் சொன்னா, "போன்ல எடுக்கிறதா இருந்தா பொம்மைக்குக் கட்டிக் காட்டுறேன் மேடம்"னு சொல்ல ஆரம்பிச்சேன். முக்கால்வாசிப் பேர் உடனே போனைக் கீழ வச்சிடுவாங்க. சில பேர் முகம் சுளிப்பாங்க. சுளிச்சா சுளிச்சிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.

மதுரை, மருந்துக்கடை

அக்கா, எங்க கடையில நடந்ததைச் சொல்றேன். ஒருத்தர் சீட்டு இல்லாம வந்து பதட்டத்துக்குக் கொடுக்கிற அல்பிரசோலம் மாத்திரை கேட்டார். அது ஹெச்1 அட்டவணையில, அதாவது கண்டிப்பாக் கணக்கு வச்சு விக்க வேண்டிய மருந்துகளோட அரசுப் பட்டியல்ல இருக்கிற மருந்து. டாக்டர் சீட்டு இல்லாம கொடுக்கவே கூடாது. சீட்டு பார்த்துக் கொடுத்தாலும் எழுதின டாக்டர் பேரு, நோயாளி பேரு, மருந்து, எண்ணிக்கை எல்லாம் தனி ரிஜிஸ்டர்ல ஏத்தி மூணு வருஷம் வச்சிருக்கணும். 2014 மார்ச்ல இருந்து இதுதான் நடைமுறை. பொறுமையா எடுத்துச் சொன்னேன். அவர் போனைத் தூக்கி, "பாருங்க மக்களே, அவசரத்துக்கு மாத்திரை தரமாட்டேங்கிறாங்க"ன்னு ஆரம்பிச்சிட்டார்.

என் மூஞ்சியை எடுத்தது கூடப் போகட்டும். கவுண்டர்ல அந்த நேரம் ஒரு சின்னப் பொண்ணு கர்ப்பப் பரிசோதனை அட்டை வாங்க வந்து நின்னுச்சு. கேமரா அந்தப் பக்கம் திரும்பினதும் துப்பட்டாவால முகத்தை மூடிட்டு ஓடிருச்சு. அட்டையையும் எடுக்கலை, கொடுத்த நூறு ரூபாயையும் வாங்கலை. அந்த நோட்டை ஒரு கவர்ல போட்டுக் கல்லாவுல தனியா வச்சிருந்தேன். அந்தப் பொண்ணு திரும்பி வரவே இல்லை. மருந்துக்கடைக் கவுண்டர்ல நிக்கிற ஒவ்வொருத்தர்கிட்டயும் வெளிய சொல்ல முடியாத ஒண்ணு இருக்கும்ங்க. போனைத் தூக்குறவங்க அதைக் கொஞ்சமாவது யோசிக்கணும்.

கோவை, சூப்பர் மார்க்கெட் பில்லிங்

எனக்குக் கால் நரம்பு புடைச்சுக்கிற வெரிகோஸ் இருக்கு. மத்தியானம் ரெண்டு மணிக்குக் கூட்டம் இல்லாதப்போ ஸ்டூல்ல உட்கார்ந்திருந்தேன். ஐஸ்கிரீம் பெட்டிப் பக்கத்துல இருந்து ஒருத்தர் எடுத்து, 'சம்பளம் வாங்கிட்டு ஓய்வு எடுக்கும் ஊழியர்'னு ஊர் குரூப்ல போட்டுட்டார். மறுநாள் காலையில ஸ்டூலைக் காணோம். "எதுக்கு வம்பு, கொஞ்ச நாள் நின்னுக்கோ"ன்னார் மேனேஜர்.

நம்ம தமிழ்நாட்டுல 2021லேயே கடைகள், நிறுவனங்கள் சட்டத்துல 22-ஏன்னு ஒரு பிரிவு சேர்த்தாங்க. வேலை செய்றவங்க எல்லாருக்கும் உட்கார வசதி செஞ்சு கொடுக்கணும், நேரம் கிடைக்கிறப்போ அவங்க உட்காரலாம்னு அதுல இருக்கு. கேரளாவுல 2018லேயே வந்துடுச்சு. அங்க கோழிக்கோட்டுல விஜிங்கிறவங்களும் அவங்களோட 'பெண்கூட்டு'ங்கிற பெண் தொழிலாளர் அமைப்பும் வருஷக்கணக்கா போராடி வாங்கின உரிமை அது. இது எதுவும் தெரியாத ஒருத்தரோட இருபது செகண்ட் வீடியோவால நான் நாலு மாசம் நின்னேன். காலைத் தூக்கி வச்சாத்தான் ராத்திரி தூக்கம் வரும்.

திருச்சி, வாடிக்கையாளர்

நான் எதிர்ப் பக்கம் நின்றவன். எழுதுவதற்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது. எண்ணெய் பாக்கெட்டில் அச்சிட்ட விலையைவிடப் பில்லில் எட்டு ரூபாய் அதிகம் இருந்தது. கோபத்தில் கல்லாவில் இருந்த பெண்ணின் முகத்துக்கு நேராகப் போனை நீட்டி விளக்கம் கேட்டேன். "சார், ஸ்கேன் பண்ணா வர்ற விலைதான் சார், நான் போடலை" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். கை நடுங்கியது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நிறுத்தவில்லை. வீட்டுக்கு வந்து அப்படியே பதிவேற்றினேன்.

இரண்டு நாளில் என் மனைவி பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர்ல விலை ஏத்தினவன் எங்கயோ இருக்கான், இந்தப் பொண்ணு என்ன பண்ணும்?" என்று கேட்டாள். உடனே நீக்கினேன். ஆனால் அதற்குள் பலர் எடுத்துப் பரப்பிவிட்டார்கள். மன்னிப்புக் கேட்கப் போனபோது கல்லாவில் வேறு ஒருவர் இருந்தார். பழைய பெண் எங்கே என்று கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

விலை கூடுதலாகப் போட்டது தவறுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பில்லையும் பாக்கெட்டில் உள்ள விலையையும் படமெடுத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்திருந்தால் போதும். அந்தப் பெண்ணின் முகம் அதற்குத் தேவையே இல்லை.

சேலம், வழக்கறிஞர் அலுவலகம்

சட்டத்தில் வழி உண்டா என்று எங்களிடம் கேட்டு வருகிறார்கள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தார்கள். ஆனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 77ஆம் பிரிவு, ஒரு பெண் தனிமையில் இருக்கும்போது மறைந்து பார்ப்பது, படமெடுப்பது பற்றியது. கவுண்டரில் நின்று வேலை செய்பவரைப் படமெடுப்பதற்கு அது நேராகப் பொருந்தாது. பெண்ணை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு சொல்லும் சொல்லுக்கும் செய்யும் செயலுக்கும் 79ஆம் பிரிவு இருக்கிறது, ஆபாசக் கமெண்டுகள் இருந்தால் அதைப் பார்க்கலாம். புகாருக்குப் போகும் முன் லிங்க், தேதி, ஸ்க்ரீன்ஷாட் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

என் பார்வையில் காவல் நிலையத்தைவிட விரைவாகத் தடுக்கக்கூடியவர் கடை உரிமையாளர்தான். அது அவருடைய இடம். ஊழியர்களைப் படமெடுக்கக் கூடாது என்று அவர் விதி வைக்கலாம், மீறுபவரை வெளியே போகச் சொல்லலாம். டிசைனுக்கு வைத்த போர்டில் இன்னொரு வரி சேர்க்க எவ்வளவு செலவாகிவிடும்?

தி.நகர் அக்கா (மறுபடியும்)

எல்லாத்தையும் படிச்சேன். மதுரைத் தம்பி, அந்த நூறு ரூபாய்க் கவர் கண்ணுலயே நிக்குது. திருச்சி சார், நீங்க மறைக்காம எழுதினதுக்கு நன்றி.

அந்தத் தங்கச்சி என்ன ஆனான்னு ரெண்டு பேர் தனியாக் கேட்டிருந்தீங்க. ஊர்ல ஆரி வேலை, அதாவது கொக்கி ஊசியால போடுற எம்ப்ராய்டரி கத்துக்கிட்டு வீட்டுலயே ஜாக்கெட் தைக்கிறா. போன மாசம் ஒரு கல்யாண ஜாக்கெட் முடிச்சதும் எனக்குப் போட்டோ அனுப்பினா. ஃப்ரேம்ல இழுத்துக் கட்டின துணி, அதுல தங்க ஜரிகையில மயில், ஓரமா ஊசி பிடிச்ச கை. கீழ எழுதியிருந்தா: "அக்கா, இதை நீங்க ஸ்டேட்டஸ்ல வச்சுக்கலாம். கை மட்டும்தான் இருக்கு."